கியூஜிஐஎஸ் ப்ளகினுக்கு வேண்டிய லைப்ரரிகளை எங்கே நிறுவுவது?

கடலூரில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா வரைக்கும் கடற்கரை எவ்வளவு அரிச்சிருக்கு, எங்கே மணல் சேர்ந்திருக்குன்னு கணக்குப் போடுற கியூஜிஐஎஸ் ப்ளகின் எழுதுறேன். ஜியோபாண்டாஸ், ராஸ்டீரியோ, அப்புறம் செயற்கைக்கோள் படத்திலிருந்து கரைக்கோட்டைப் பிரிச்சு எடுக்க டார்ச், இவ்வளவும் வேணும். என் லேப்டாப்பில் ஓடுது. காலேஜ் லேபில் போட்டா ஓடல. ப்ளகினே பிப் வைச்சு எல்லாத்தையும் இன்ஸ்டால் பண்ணிக்கட்டும்னு விட்டுடலாமா? விட்டா, எந்த ஃபோல்டர்ல போடுறது சரி?"

(மற்ற வாசகர்களுக்கு: கியூஜிஐஎஸ் ஒரு கட்டற்ற வரைபட மென்பொருள், ப்ளகின் அதில் செருகும் சிறு நிரல், பிப் பைதான் லைப்ரரிகளை இறக்கி நிறுவும் கருவி. ஜியோபாண்டாஸ் வரைபடத் தரவைக் கையாளவும், ராஸ்டீரியோ செயற்கைக்கோள் படங்களைப் படிக்கவும், டார்ச் இயந்திரக் கற்றலுக்கும் பயன்படும் லைப்ரரிகள்.) தம்பி, முதலில் நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பயனரின் கியூஜிஐஎஸ் ப்ரொஃபைலுக்குள் (அவருடைய அமைப்புகளும் ப்ளகின்களும் இருக்கும் ஃபோல்டர்), ஆனால் உங்கள் ப்ளகின் ஃபோல்டருக்கு வெளியே, பைதான் பதிப்பு எண்ணைப் பெயரிலேயே தாங்கிய ஒரு தனி ஃபோல்டரில் போடுங்கள். கியூஜிஐஎஸ் தன்னோடு கொண்டுவரும் லைப்ரரிகளில் ஒன்றைக்கூட மாற்றாதீர்கள். பயனர் சம்மதிக்காமல் எதையும் இறக்காதீர்கள். டார்ச் அளவுக்குக் கனமானதைக் கியூஜிஐஎஸ் ஓடும் அதே ப்ராசஸுக்குள் (நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள்) கொண்டுவராதீர்கள். இதெல்லாம் பொதுவான பதில். உங்கள் ப்ளகினை மட்டும் எடுத்துக்கொண்டால், நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டு உங்களுக்குத் தேவையே இல்லை. அதைப் பிறகு விளக்குகிறேன். முதலில் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று புரிய வேண்டும்.

ப்ளகின் என்பது தனியாக ஓடும் நிரல் அல்ல. கியூஜிஐஎஸ் ஒரே ஒரு ப்ராசஸ். அதற்குள் ஒரே ஒரு பைதான். நீங்கள் எழுதும் ப்ளகின், உங்கள் பேராசிரியர் போட்டிருக்கும் இன்னொரு ப்ளகின், கியூஜிஐஎஸ்ஸோடு வரும் ப்ராசஸிங் கருவிகள், எல்லாம் அந்த ஒரே பைதானுக்குள்தான் இருக்கின்றன. ஒரு லைப்ரரியை யாராவது முதலில் இம்போர்ட் செய்துவிட்டால், பைதான் அதை சிஸ்.மாட்யூல்ஸ் என்ற அகராதியில் பதிந்து வைத்துக்கொள்ளும். அடுத்து அதே பெயரைக் கேட்கும் எவருக்கும் பதிந்து வைத்ததையே எடுத்துக் கொடுக்கும். உங்களுக்கு ஷேப்லி என்ற வடிவியல் லைப்ரரியின் 2.0 வேண்டும், இன்னொரு ப்ளகின் 1.8ஐ ஏற்கெனவே இம்போர்ட் செய்துவிட்டது என்றால் உங்களுக்குக் கிடைப்பது 1.8தான். தனித்தனி ஃபோல்டரில் போட்டிருக்கிறீர்களா, ஒழுங்காகப் பெயர் வைத்திருக்கிறீர்களா என்பதெல்லாம் அந்த இடத்தில் செல்லாது. எந்த ஃபோல்டர் என்ற கேள்வி பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மென்பொருளிலும் இப்படியில்லை. ஜாவா உலகத்தில் எக்லிப்ஸ், ஜென்கின்ஸ் போன்றவை ஒவ்வொரு ப்ளகினுக்கும் தனி கிளாஸ்லோடர் (லைப்ரரிகளை ஏற்றும் பகுதி) கொடுக்கின்றன. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் ஒரே ப்ராசஸில் சண்டையில்லாமல் இருக்க முடியும். ஜாவாஸ்கிரிப்டின் நோடில் ஒவ்வொரு பொதிக்குள்ளும் அதற்கான லைப்ரரிகளை வைக்கும் நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டர் இருக்கலாம். முப்பரிமாண மென்பொருளான ப்ளெண்டர் 2024இல் வந்த தன் 4.2 பதிப்பிலிருந்து, எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே வீல் கோப்புகளை (நிறுவத் தயாரான பைதான் பொதிகளை) வைத்து அனுப்பச் சொல்கிறது. அவற்றைச் சரியான இடத்தில் விரித்து வைக்கும் வேலையை ப்ளெண்டரே பார்த்துக்கொள்கிறது. தாய் மென்பொருள் இப்படி ஒரு வழி கொடுத்திருந்தால் மறுபேச்சில்லாமல் அந்த வழியில் போய்விடுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் 3.8இலிருந்து மெட்டாடேட்டா கோப்பில் ப்ளகின்-டிபெண்டென்சீஸ் என்ற ஒரு வரி எழுதலாம். ஆனால் "என் ப்ளகினுக்கு இன்ன ப்ளகின் வேண்டும்" என்று மட்டும்தான் அதில் சொல்ல முடியும். பைதான் லைப்ரரிகளுக்கு அது உதவாது. ஆக இடத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

லேபில் ஏன் ஓடவில்லை என்பதற்கு வருவோம். உங்கள் லேப்டாப் உபுண்டு என்று நினைக்கிறேன். உபுண்டுவில் கியூஜிஐஎஸ் கணினியின் பைதானையே பயன்படுத்தும். டெர்மினலில் நிறுவியதெல்லாம் கியூஜிஐஎஸ்ஸின் கண்ணிலும் படும். லேபில் இருப்பது விண்டோஸ். அங்கே கியூஜிஐஎஸ் தனக்கென்று ஒரு பைதானை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது. லேப் உதவியாளர் பைதான் தளத்திலிருந்து இறக்கி வைத்திருக்கும் பைதானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கமாண்ட் ப்ராம்ப்டில் பிப் அடித்தால் லைப்ரரி போய்ச் சேர்வது அந்த வேறு பைதானுக்குள். மேக்கில் இன்னொரு விதம்: கியூஜிஐஎஸ் செயலியின் பொதிக்குள்ளேயே பைதான் இருக்கும். அந்தப் பொதிக்குள் கைவைத்தால் அதன் டிஜிட்டல் கையொப்பம் கெட்டுப்போகும்.

இப்போது ஆட்கள் வழக்கமாகப் போடும் மூன்று இடங்களையும், அவை ஏன் ஆகாது என்பதையும் பார்க்கலாம்.

முதல் இடம், கியூஜிஐஎஸ்ஸின் சொந்த சைட்-பேக்கேஜஸ், அதாவது அதன் பைதானின் லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டர். விண்டோஸில் இதற்குக் கியூஜிஐஎஸ்ஸோடு வரும் கட்டளை ஜன்னலான ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஷெல்லைத் திறந்து பிப் அடிக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. ஒருவர் தன் சொந்தக் கணினியில், என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ப்ளகின் தானாக அதைச் செய்வதைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன். ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் எழுத அட்மின் உரிமை வேண்டும். கல்லூரி லேபிலும் அரசு அலுவலகக் கணினியிலும் அது யாருக்கும் கிடைக்காது. கிடைத்துவிட்டால் இன்னும் ஆபத்து. ஜியோபாண்டாஸின் புதிய பதிப்பைக் கேட்டால், பிப் அதற்குத் தோதாக எண் கணக்குக்கான நம்பை லைப்ரரியையும் சேர்த்தே மேலேற்றலாம். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, பழைய 1.x நம்பையை வைத்துத் தொகுத்திருந்த சி நீட்சிகள் பல அதனோடு ஓட மறுத்தன. கியூஜிஐஎஸ்ஸோடு வந்த ஜிடாலின் (வரைபட, செயற்கைக்கோள் படக் கோப்புகளைப் படிக்கும் லைப்ரரி) பைதான் இணைப்பும் அப்படித் தொகுக்கப்பட்ட ஒன்றுதான். உங்கள் ப்ளகின் கடற்கரையை அளக்கப் போய், அந்தக் கணினியில் ராஸ்டர் (படப்புள்ளித் தரவு) கருவிகள் பாதி நின்றுவிடும். அதை உட்கார்ந்து சரிசெய்யப்போகிறவர் ஒரு வரைவாளரோ முதலாண்டு மாணவியோ. எந்த ப்ளகின் இதைச் செய்தது என்று அவருக்குத் தெரியாது. "ஓசி சாஃப்ட்வேர்னா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, திருட்டுப் பிரதியாக உள்ள வணிக மென்பொருளுக்குத் திரும்பிப் போய்விடுவார். புதுச்சேரியில் கணிசமான காலம் கட்டற்ற மென்பொருளைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில், எனக்கு உண்மையாகவே வலிக்கும் இடம் இது. ஒரு ப்ளகின் செய்யும் பிழைக்குப் பழி முழுவதும் கியூஜிஐஎஸ்மேல் விழுகிறது.

உபுண்டு, டெபியனில் இந்தக் கதவை இப்போது பூட்டியே வைத்துவிட்டார்கள். பைதான் சமூகத்தின் பெப் 668 என்ற விதிப்படி, 2023இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், கணினியின் பைதானுக்குள் பிப் நேரடியாக எழுத முனைந்தால் "இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்" என்று மறுத்துவிடும். அதை மீறும் விருப்பத்தின் பெயரிலேயே "சிஸ்டம் பேக்கேஜை உடை" என்று எழுதியிருக்கிறார்கள். சில ப்ளகின்கள் அந்த விருப்பத்தையும் சேர்த்தே பிப்பை அழைக்கின்றன. தயவுசெய்து அந்தப் பழக்கத்துக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது இடம், பயனரின் பொது சைட்-பேக்கேஜஸ், அதாவது பிப்பில் யூசர் என்ற விருப்பம் கொடுத்தால் போய்ச் சேரும் ஃபோல்டர். அட்மின் உரிமை தேவையில்லை என்பதால் பலருக்கும் இது பிடிக்கும். இதில் மறைந்திருக்கும் சிக்கல் என்னவென்றால், இந்த ஃபோல்டர் ஒருவருக்கு ஒரு பைதான் பதிப்புக்கு ஒன்றுதான். கியூஜிஐஎஸ்ஸின் பைதான் 3.12ஆக இருந்து, அதே பயனர் வேறு வேலைக்கு வைத்திருக்கும் பைதானும் 3.12 என்றால் இரண்டுமே அதே ஃபோல்டரைத்தான் பார்க்கும். கியூஜிஐஎஸ்ஸுக்காக நீங்கள் போட்டது அவருடைய ப்ராஜெக்ட் வேலையில் போய் இடிக்கும். அவர் அடுத்த மாதம் வேறு எதற்காகவோ நம்பையை மேலேற்றினால், அது கியூஜிஐஎஸ்ஸை வந்து இடிக்கும். அதோடு இந்தப் பொது ஃபோல்டர், தேடும் வரிசையில் தாய் மென்பொருளின் சைட்-பேக்கேஜஸுக்கு முன்னால் நிற்கும். அங்கே வந்து உட்காரும் புதிய நம்பை, கியூஜிஐஎஸ் கொண்டுவந்த நம்பையைச் சத்தமில்லாமல் மறைத்துவிடும்.

மூன்றாவது இடம், உங்கள் ப்ளகின் ஃபோல்டருக்குள்ளேயே லிப்ஸ் என்று ஒன்று வைத்து அதில் போடுவது. சுத்தமாகத் தோன்றும். ஆனால் ப்ளகின் புதுப்பிக்கப்படும்போது கியூஜிஐஎஸ் பழைய ஃபோல்டரை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிய ஜிப்பை விரிக்கிறது. நீங்கள் இறக்கி வைத்ததெல்லாம் அதோடு போய்விடும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மறுபடி முதலிலிருந்து. விண்டோஸில் இன்னும் மோசம். ஒரு முறை இம்போர்ட் ஆகிவிட்ட பிஒய்டி, டிஎல்எல் என்ற தொகுத்த கோப்புகளை ப்ராசஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை அழிக்க முடியாது. பாதி அழிந்து பாதி நிற்கும் ஃபோல்டரோடு ப்ளகின் தொங்கும். சரி, முன்கூட்டியே ஜிப்புக்குள் வைத்து அனுப்பிவிடலாமே என்றால், தொகுத்த கோப்புகள் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒவ்வொரு பைதான் பதிப்புக்கும் வேறு வேறு. கியூஜிஐஎஸ்ஸின் அதிகாரப்பூர்வ ப்ளகின் களஞ்சியத்தின் நெறிமுறைகளும் தொகுத்த கோப்புகளைச் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்லிவந்திருக்கின்றன.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. சிறியது, முழுக்கப் பைதானிலேயே எழுதியது, தனக்கென்று வேறு எதையும் கேட்காதது என்றால் அந்த லைப்ரரியை ப்ளகினுக்குள் ஒரு உட்பொதியாக நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். இம்போர்ட்டை உங்கள் ப்ளகின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள், அப்போது சிஸ்.மாட்யூல்ஸில் அது உங்கள் பெயரின் கீழ் பதிவாகும், வேறு யாருடைய நகலோடும் மோதாது. பிப்பே இப்படித்தான் வாழ்கிறது: ரிக்வெஸ்ட்ஸ் உட்படத் தனக்கு வேண்டியவற்றை வெண்டர் என்ற உட்ஃபோல்டரில் நகலாக வைத்திருக்கிறது. உரிமக் கோப்பையும் கூடவே வையுங்கள். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நகலைப் புதுப்பிப்பது உங்கள் பொறுப்பு.

ஆக, எஞ்சுவது ப்ரொஃபைல். கியூஜிஐஎஸ் 3.0இலிருந்து ஒவ்வொரு பயனரும் பல ப்ரொஃபைல்கள் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் இது ஆப்டேட்டா, ரோமிங், கியூஜிஐஎஸ், கியூஜிஐஎஸ்3, ப்ரொஃபைல்ஸ் என்று போகும் பாதையின் அடியில் இருக்கும். லினக்ஸில் வீட்டு ஃபோல்டரின் லோக்கல், ஷேர் வழியாக. பாதையை நீங்களாக எழுதாதீர்கள்; கியூஜிஐஎஸ்-அப்ளிகேஷன் வகுப்பிடம் செட்டிங்ஸ் பாதையைக் கேட்டால் நடப்பில் இருக்கும் ப்ரொஃபைலைச் சரியாகச் சொல்லும். அதற்குள் பைதான் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் ப்ளகின்ஸ். அந்த ப்ளகின்ஸுக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில், உங்கள் லைப்ரரி ஃபோல்டரை உருவாக்குங்கள். எழுத அட்மின் உரிமை வேண்டாம், ப்ளகினைப் புதுப்பித்தால் அழியாது, வேறு பைதான்கள் எட்டிப் பார்க்காது, கெட்டுப்போனால் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் கியூஜிஐஎஸ் பழையபடி வந்துவிடும். இந்தக் கடைசிக் குணத்துக்காகவே நான் இதை எப்போதும் பரிந்துரைக்கிறேன். கியூபிப் என்ற ப்ளகினும் இதே வழியில்தான் போகிறது: மற்ற ப்ளகின்களின் ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பை (தேவையான லைப்ரரிகளின் பட்டியலை) படித்து, ப்ரொஃபைலுக்குள் தனி ஃபோல்டரில் நிறுவிக் கொடுக்கிறது. நீங்களே எல்லாம் எழுத வேண்டாம் என்று நினைத்தால் அதைச் சார்ந்திருக்கலாம்; மேலே சொன்ன ப்ளகின்-டிபெண்டென்சீஸ் வரி அப்போது கைகொடுக்கும்.

நீங்களே எழுதுவதானால் கவனிக்க வேண்டியவை சில. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஃபோல்டர் பெயரில் பைதானின் பதிப்பு எண் இருக்கட்டும். விண்டோஸ் கியூஜிஐஎஸ் 2024இல் பைதான் 3.9இலிருந்து 3.12க்குத் தாவியது. ப்ரொஃபைல் மட்டும் அதே இடத்தில் தொடர்ந்தது. 3.9க்குத் தொகுத்த லைப்ரரி 3.12இல் ஏறாது. பெயரில் எண் இருந்தால் புதிய பைதான் பழைய ஃபோல்டரைத் தொடாது. புதிதாக ஒன்றைக் கேட்டு நிறுவும்.

பைதான் லைப்ரரிகளைத் தேடும் இடங்களின் வரிசையான சிஸ்.பாத் பட்டியலில் உங்கள் ஃபோல்டரை முன்னால் நுழைக்காதீர்கள், கடைசியில் சேருங்கள். அப்போதுதான் கியூஜிஐஎஸ்ஸிடம் இருப்பது கியூஜிஐஎஸ்ஸினுடையதாகவே இருக்கும். அதனிடம் இல்லாதது மட்டும் உங்கள் ஃபோல்டரிலிருந்து வரும். "அக்கா, அதில் இருப்பது பழைய பதிப்பு, எனக்குப் புதியது வேண்டும்" என்பீர்கள். அந்த இடத்தில் என் பதில் கறாரானது: பழைய பதிப்போடு ஒத்துப்போகும்படி உங்கள் நிரலை எழுதுங்கள், முடியாவிட்டால் தனி ப்ராசஸுக்குப் போங்கள். வீட்டுக்காரரின் லைப்ரரியை மறைத்துவிட்டு உங்களுடையதை முன்னிறுத்தும் உரிமை எந்த ப்ளகினுக்கும் இல்லை.

பிப்பில் டார்கெட் என்ற விருப்பத்தோடு ஃபோல்டரைக் கொடுக்கும்போது ஒன்று நடக்கும்: ஏற்கெனவே நிறுவியிருப்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஜியோபாண்டாஸைக் கேட்டால் நம்பை, பாண்டாஸ், ஷேப்லி என்று குடும்பம் முழுவதையும் மறுபடி இறக்கும். இறக்கிய பாண்டாஸ் எதிர்பார்க்கும் நம்பை ஒன்றாகவும், ப்ராசஸில் உண்மையில் ஏறியிருக்கும் கியூஜிஐஎஸ்ஸின் நம்பை வேறாகவும் இருக்கலாம். அதனால் இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா வழியாகக் கியூஜிஐஎஸ்ஸில் உள்ள லைப்ரரிகளின் பதிப்புகளைப் படித்து, ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் கோப்பாக எழுதி, பிப்பிடம் கொடுங்கள். "நம்பை இந்தப் பதிப்புதான், அதற்குப் பொருந்துவதை மட்டும் தேடு" என்று பொருள். பொருந்துவது கிடைக்காவிட்டால் பிப் தோல்வியடையும். அந்தத் தோல்வி நல்லது. நிறுவும்போதே தெரிந்துவிடுகிறது, வேலை நடுவே கியூஜிஐஎஸ் மூடிக்கொள்வதில்லை. தொகுத்த வீல்கள் மட்டும் போதும் என்ற விருப்பத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் சி கம்பைலரைத் தேடி ஓடி, பயனருக்குப் புரியாத நூறு வரி பிழைச்செய்தியோடு நிற்கும்.

பிப்பை உங்கள் நிரலுக்குள் இம்போர்ட் செய்து ஓட்டாதீர்கள். பிப்பை எழுதுபவர்களே அதை ஆதரிப்பதில்லை, சப்ப்ராசஸாக அழைக்கத்தான் சொல்கிறார்கள். அழைக்கும்போது ஒரு கண்ணி காத்திருக்கிறது. சாதாரணப் பைதானில் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்றால் பைதானின் பாதை. விண்டோஸ் கியூஜிஐஎஸ்ஸுக்குள் அது கியூஜிஐஎஸ்ஸின் எக்ஸி கோப்பையே காட்டும். அதை வைத்து பிப்பை அழைத்தால் இன்னொரு கியூஜிஐஎஸ் ஜன்னல் திறக்கும், அதிலும் உங்கள் ப்ளகின் ஏறும், அது இன்னொன்றைத் திறக்கும். சிஸ்.ப்ரிஃபிக்ஸ் காட்டும் ஃபோல்டருக்குள் இருக்கும் பைதானைத் தேடி அதை அழையுங்கள். நிறுவி முடித்ததும் இம்போர்ட்லிப்பின் இன்வேலிடேட்-கேச்சஸை அழைக்க மறக்க வேண்டாம். புதிதாக வந்த கோப்புகள் அதே அமர்வில் கண்ணில் படாமல் போகலாம்.

லைப்ரரிகளைப் புதுப்பிக்கும்போது இருக்கும் ஃபோல்டரின்மேல் எழுதாதீர்கள். விண்டோஸ் பூட்டிவைக்கும் கோப்புகளைப் பற்றி மேலே சொன்னேன். புதிய ஃபோல்டரில் முழுவதும் நிறுவி, "அடுத்த முறை திறக்கும்போது இதைப் பயன்படுத்து" என்று செட்டிங்ஸில் குறித்துவிட்டு, பழையதை அடுத்த தொடக்கத்தில், எதையும் இம்போர்ட் செய்யும் முன், அழியுங்கள்.

இனி உங்கள் மூன்று லைப்ரரிகள். ராஸ்டீரியோவில் ஆரம்பிக்கிறேன், மிகவும் தொல்லை தரக்கூடியது அதுதான். ராஸ்டீரியோவின் வீல் தன்னுடைய ஜிடாலையும் ப்ராஜையும் (ஆயத்தொலை முறைகளை மாற்றும் லைப்ரரி) உள்ளேயே தூக்கிக்கொண்டு வரும். கியூஜிஐஎஸ்ஸிடம் ஏற்கெனவே ஜிடாலும் ப்ராஜும் ஏறியிருக்கின்றன. ப்ராஜ் தன் ஆயத்தொலை முறைகளையெல்லாம் ப்ராஜ்.டிபி என்ற தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதைக் கியூஜிஐஎஸ் ஒரு சூழல் மாறியில் குறித்துவைக்கும். ராஸ்டீரியோவின் ப்ராஜ் அந்த மாறியைப் பார்த்துவிட்டு, தன் பதிப்புக்குப் பொருந்தாத தரவுத்தளத்தைத் திறந்து, தளவமைப்பு எண் ஒத்துவரவில்லை என்று பிழை கொடுக்கும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நாம் வழக்கமாக எடுக்கும் ஆயத்தொலை முறை யூடிஎம் 44 வடக்கு, அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32644. அந்த எண்ணே "கிடைக்கவில்லை" என்று வரும்போது ஆட்கள் தங்கள் வரைபடத்தில்தான் கோளாறு என்று நினைத்து நாள்முழுக்கத் தேடுவார்கள். கோளாறு லைப்ரரி இருக்கும் இடத்தில் இருக்கும். எந்த ஃபோல்டரில் போட்டாலும் இது தீராது, இரண்டு ப்ராஜ் ஒரே ப்ராசஸில் இருப்பதுதான் காரணம். ராஸ்டரைப் படிக்கக் கியூஜிஐஎஸ்ஸோடு வரும் ஜிடால் இணைப்பு போதும். எழுதும் முறை கொஞ்சம் பழையதாகத் தெரியும். ஆனால் எங்கும் ஓடும்.

ஜியோபாண்டாஸும் வேண்டாம். நீங்கள் செய்வது என்ன? கரைக்குக் குறுக்கே சீரான இடைவெளியில் கோடுகள் வரைகிறீர்கள். ஒவ்வொரு ஆண்டின் கரைக்கோடும் அந்தக் குறுக்குக்கோட்டை எங்கே வெட்டுகிறது என்று பார்க்கிறீர்கள். முதல் கரைக்கோட்டுக்கும் கடைசிக்கும் உள்ள தூரத்தை ஆண்டுகளால் வகுத்தால் ஒரு விகிதம். எல்லா ஆண்டுகளையும் எடுத்து நேர்கோட்டுப் பொருத்தம் செய்தால் இன்னொரு விகிதம். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் டிஎஸ்ஏஎஸ் கருவி செய்வதும் அடிப்படையில் இதுதான். வெட்டும் புள்ளி காண கியூஜிஐஎஸ்ஸின் ஜியாமெட்ரி வகுப்பு, தூரம் காண டிஸ்டன்ஸ்-ஏரியா வகுப்பு, பொருத்தத்துக்கு நம்பையின் பாலிஃபிட். மூன்றும் பயனரின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. நிறுவ ஒன்றுமில்லை. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத் தடுப்புச்சுவர்கள் வந்த பிறகு வடக்கே மணல் எப்படிக் குறைந்தது என்பதைக்கூட இந்த மூன்றை வைத்தே கணக்கிட்டுக் காட்டலாம். லைப்ரரியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஆகச் சிறந்த பதில், பல நேரங்களில், அதை இல்லாமல் செய்வதுதான்.

டார்ச் விஷயம் வேறு. அதை இல்லாமல் செய்ய முடியாது என்றால் (முதலில் நீரையும் நிலத்தையும் பிரிக்கும் என்டிடபிள்யூஐ குறியீட்டை முயன்று பாருங்கள், பச்சை, அண்மை அகச்சிவப்பு என்ற இரண்டு அலைவரிசைகளும் நம்பையும் இருந்தால் போதும்) அதைத் தனி ப்ராசஸில் ஓட்டுங்கள். ப்ரொஃபைலுக்குள்கூட வேண்டாம், ஆப்டேட்டா ரோமிங்கில் இருப்பதைச் சில அலுவலக வலையமைப்புகள் ஒவ்வொரு லாகினிலும் சர்வரோடு ஒத்திசைக்கும், நூற்றுக்கணக்கான எம்பி அங்கே போகக் கூடாது. பயனரின் லோக்கல் தரவு ஃபோல்டரில், தனி பைதானும் அதற்கொரு விர்ச்சுவல் சூழலும் (தனக்கென்று லைப்ரரிகள் கொண்ட தனி இடம்) வையுங்கள். ப்ளகின் படத்தின் பாதையைக் கொடுத்து அந்தப் பைதானை அழைக்கட்டும், அது கரைக்கோட்டை ஜியோபேக்கேஜ் என்ற வரைபடத் தரவுக் கோப்பாக எழுதிவைக்கட்டும், ப்ளகின் அதைத் திறந்து காட்டட்டும். அந்தச் சூழலுக்குள் ராஸ்டீரியோ, ஜியோபாண்டாஸ், நம்பை 2 என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். டார்ச்சின் மாடல் நினைவகத்தைத் தின்று செத்தாலும் பயனரின் சேமிக்காத வரைபடம் பிழைக்கும். அழைக்கும்போது பைதான்ஹோம், பைதான்பாத், ப்ராஜ் சம்பந்தப்பட்ட சூழல் மாறிகளை நீக்கிவிட்டு அழையுங்கள். கியூஜிஐஎஸ் அவற்றை விண்டோஸில் தனக்காக அமைத்து வைத்திருக்கும், அவை உங்கள் தனி பைதானுக்குள் ஒழுகினால் தனிமை போய்விடும். தரவை எழுதிப் படிப்பதில் சில நொடிகள் கூடும். கடற்கரை அந்த நொடிகளில் நகர்ந்துவிடாது.

இணையம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் கரையோர வரைபடம் அவசரமாகத் தேவைப்படும் நாட்கள் எவை? 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் நகரம் வெள்ளத்தில் நின்றது. அந்த நேரத்தில் கியூஜிஐஎஸ்ஸைத் திறப்பவரிடம் "டிபெண்டென்சி புதுப்பிக்கிறேன், இணையம் இல்லை" என்று ஒரு ப்ளகின் மறித்து நிற்கக் கூடாது. ஆகவே திறக்கும்போது எதையும் இறக்காதீர்கள், தேடவும் வேண்டாம். கூடுதல் லைப்ரரி கேட்கும் ஒரு வசதியைப் பயனர் முதன்முதலில் சொடுக்கும்போது மட்டும், என்ன இறக்கப்போகிறோம், எவ்வளவு பெரியது, எங்கே வைப்போம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டி, சரி என்றால் தொடருங்கள். வேண்டாம் என்றால் அந்த வசதி மட்டும் மங்கலாக நிற்கட்டும், மீதி ப்ளகின் வேலைசெய்யட்டும். லேபுகளுக்கு வீல் கோப்புகளையெல்லாம் ஒரு பென்டிரைவில் கொடுத்து, இணையத்தைத் தொடாமல் அந்த ஃபோல்டரிலிருந்தே நிறுவ பிப்பில் விருப்பம் உண்டு: நோ-இண்டெக்ஸ், ஃபைண்ட்-லிங்க்ஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது. பதிப்பு எண்களையும் ஹாஷ்களையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்கள்) ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பில் எழுதிவிட்டால், இறங்குவது நீங்கள் சோதித்த அதே கோப்புதான் என்பதும் உறுதியாகும்.

வெளியிடும் முன் லேப்டாப்பில் மட்டும் சோதித்துவிட்டு விடாதீர்கள். புதிய ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி அதில் ப்ளகினை மட்டும் ஜிப்பிலிருந்து நிறுவிப் பாருங்கள். அட்மின் உரிமை இல்லாத விண்டோஸ் கணக்கில் பாருங்கள். பயனர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருக்கும் கணக்கிலும் பாருங்கள், பாதைகள் அங்கேதான் உடையும். வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். பிறகு வேறு இரண்டு கனமான ப்ளகின்களை முதலில் ஏற்றிவிட்டு உங்களுடையதை ஏற்றுங்கள், அடுத்து வரிசையை மாற்றி ஏற்றுங்கள். லேபில் உங்கள் ப்ளகின் கொடுத்த பிழைச்செய்தியின் கடைசிப் பத்து வரிகளையும், கியூஜிஐஎஸ்ஸின் பைதான் கன்சோலில் சிஸ்.வெர்ஷன், சிஸ்.பாத் இரண்டும் காட்டுவதையும் அனுப்பினால், அங்கே இடிப்பது எது என்று பார்த்துச் சொல்கிறேன்.